தவசிக்கனியின் பெயருக்கு விழுந்த நிழல்

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, ஈச்சங்குறிச்சி விலக்கில் ஒன்றியக் கவுன்சிலர் தவசிக்கனியின் பெயருடைய நிழல் பேனரை விட்டு இறங்கித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் அப்போது பதினாறு பேர் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு ஆடுகளும் நின்றன, அவை எதற்காக நின்றன என்று தெரியவில்லை. யாரும் அலறவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் ஆடுகள் நகர்ந்து ‘வ’வுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அதைப் பார்த்த பிறகு மனிதர்கள் நகர்ந்தார்கள். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரத்துக்குள், எந்த எழுத்தில் யார் நிற்பது என்ற சண்டை தொடங்கிவிட்டது.

சண்டைக்குக் காரணம் இருந்தது. நான்கு ஊர்ச் சாலைகள் நெடுஞ்சாலையைத் தொடுகிற அந்த விலக்கில் முன்பு ஏழு வேப்பமரங்கள் நின்றன. சாலையை அகலப்படுத்தியபோது ஏழும் போயின. அவற்றுக்குப் பதிலாக ஒரு நிழற்குடை கட்டுவதாக முடிவாகி, மூன்று முறை பூமி பூஜை நடந்து, மூன்று முறையும் தேங்காய் மட்டும் உடைந்தது. மூன்றையும் உடைத்தவர் தவசிக்கனிதான். டவுன் பஸ் வரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது என்பதால், அந்த நான்கு ஊர்க்காரர்களும் வருடத்தில் ஏழு மாதம் தலையில் துண்டையோ முந்தானையையோ பையையோ பிள்ளையின் சிலேட்டையோ பிடித்தபடி நின்றே பழகியிருந்தார்கள்.

அந்த நிழலை வைத்தவள் ஜெசிந்தா. கடைத்தெருவில் இருந்த ஃபிளெக்ஸ் கடையில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அவள்தான் டிசைன் செய்துகொண்டிருந்தாள். சுற்றுவட்டாரத்தில் யார் முகத்திலிருந்து எத்தனை மரு எடுக்கப்பட்டது, யாருக்கு எத்தனை முடி நடப்பட்டது என்பது அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும். கவுன்சிலருக்கு ஐம்பத்தெட்டாவது பிறந்தநாள் வந்தபோது, அவர் தன் முகத்தை அவளிடம் நம்பி ஒப்படைத்தார்; அவளும் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேய்த்துத் தேய்த்து, தவசிக்கனியின் அம்மாவே பார்த்தாலும் யாரென்று கேட்கும் அளவுக்கு அதை வெளுப்பாக்கி வைத்தாள். முகத்தில் அவருக்குக் குறையில்லை. பெயரில்தான் இருந்தது.

“பேரு படுத்துக் கெடக்கே ஜெசிந்தா,” என்றார், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு. “எந்திரிச்சு நிக்கணும்.”

அவள் எழுத்துக்குத் தங்க முலாம் பூசினாள். ஓரங்களைச் சரித்துப் புடைக்க வைத்தாள். வெள்ளைக் கரை கட்டி, அதற்கு வெளியே சிவப்புக் கரை கட்டினாள். அது போதாதென்று அவர் சொன்னதால் எழுத்துகளின் தலையில் தீ வைத்தாள்.

“இது நல்லாருக்கே.”

“பேரு எரியுத மாதிரி இருக்கு அண்ணாச்சி. எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான்.”

தீயை அணைத்துவிட்டுப் பனிக்கட்டியாக்கிப் பார்த்தாள். பெயருக்குச் சளி பிடித்த மாதிரி இருப்பதாக அவரே சொல்லிவிட்டார். அதற்குள் மணி ஒன்றாகப் போனது. ஜெசிந்தா தினமும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸை அந்த விலக்கில் நின்றுதான் பிடிக்க வேண்டும். அன்றைய வெயிலில் போய் நிற்கப்போவதை நினைத்தபோதே அவளுக்கு ஒற்றைத் தலைவலி நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்தது. அந்த வலியோடு அவள் பெயருக்கு ஒரு நிழல் கொடுத்தாள். எழுத்துக்கும் நிழலுக்கும் எவ்வளவு தூரம் என்று இழுத்து வைக்கச் சின்னக் குமிழ் ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. நாகரிகம் தெரிந்தவர்கள் அதை ஒரு நூலளவு நகர்த்தி விடுவார்கள்.

“நெழலு எம்புட்டுத் தூரம் வேணும் அண்ணாச்சி?”

“எம்புட்டுத் தூரம் போவும்?”

“கடைசி வரைக்கும் போவும்.”

“அப்ப விடு.”

அவள் விட்டாள். மூன்றாம் நாள் அது தரைக்கு வந்து சேர்ந்தது.

பேனரில் ஆறடி உயரம் இருந்த எழுத்துகள் தரையில் ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலத்துக்கு விழுந்தன. சூரியன் கிழக்கில் இருந்தாலும் மேற்கில் இருந்தாலும் உச்சியில் இருந்தாலும் நிழல் இருந்த இடத்திலேயே கிடந்தது. உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் மூன்று நாள் குச்சி நட்டு அளந்து பார்த்துவிட்டு, தூக்கம் கெட்டவராக ஜெசிந்தாவைத் தேடி வந்தார்.

“வெளிச்சத்தோட கோணம் நூத்தி இருவது சார்,” என்றாள் அவள். “மாத்தாம விட்டுட்டேன்.”

அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். “முழுக் கறுப்பா இல்லையே? கொஞ்சம் வெளுப்பா இருக்கே?”

“எழுவத்தஞ்சு சதவீதம்தான் வச்சிருக்கேன். நூறு வச்சா அசிங்கமா இருக்கும் சார்.”

அவர் அதையும் குறித்துக்கொண்டு, முழுத் திருப்தியோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். அதன் பிறகு அந்த நிழலைப் பற்றி யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார்கள். டீக்கடைக்காரர் அது தன் பெஞ்சுக்கு இரண்டடி தள்ளி விழுவதாக மனக்குறைப்பட்டார். அரைக்கால் மணி தாமதமாக வந்தவர்கள், முன்னால் வந்தவர்கள் ‘க’வில் காலை நீட்டிப் படுத்திருப்பதாகக் கண்டக்டரிடம் புகார் சொன்னார்கள். பத்து நாளில் எல்லாம் தானாக ஒரு ஒழுங்குக்கு வந்தது. ‘த’ காய்கறிக் கூடைக்காரிகளுக்கு, ‘வ’ ஆடுகளுக்கும் ஆட்டுக்குச் சொந்தக்காரர்களுக்கும், ‘சி’ கோடை வகுப்புக்குப் போகும் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு. ‘க்’கின் தலையில் இருந்த புள்ளி தனியாக ஒரு முறம் அளவுக்கு விழுந்தது, அதில் யாரும் நிற்க முடியாது என்பதால் தண்ணீர்க் குடத்தை அங்கே வைத்தார்கள். கடைசியில் இருந்த ‘னி’, தன் கொக்கியைக் குடை மாதிரி வளைத்துப் போட்டிருந்ததால், கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று விடப்பட்டது. யாராவது போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், “‘சி’ பக்கத்துல நிக்கேன், வா,” என்று பதில் சொன்னார்கள்.

‘னி’க்குச் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வருகிறவள் சுடலைவடிவு. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய கணவன் முத்துமாலை முன்பு லாரி ஓட்டினவன். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போனதால் வாரம் இரண்டு முறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். அந்தச் சித்திரை பிறந்ததிலிருந்து இதே விலக்கில் அவன் மூன்று முறை மயங்கி விழுந்திருந்தான். மூன்றாவது முறை விழுந்தபோது, இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், வீட்டிலேயே கிடந்து போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டான். ‘னி’ விழுந்த பிறகு மறுபடியும் வரத் தொடங்கினான்.

ஆனி மாதம் பிறந்தும் வெயில் இறங்கவில்லை. கூட்டம் மட்டும் ஏறியது. ஆறு எழுத்தில் நான்கு ஊரை அடக்க முடியாமல் போனதால், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கூடிப் பேசி, கவுன்சிலரைப் பார்த்து, அண்ணாச்சியின் பெருமைக்கு வெறும் பெயர் போதாது, முன்னால் பட்டம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தவசிக்கனி எல்லோருக்கும் காபி வரவழைத்தார். முப்பது வருட அரசியலில் அவருக்குப் பட்டம் வேண்டும் என்று அவரைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை.

பட்டத்தை ஊர்க்காரர்கள் ஜெசிந்தாவிடம் வந்து தேர்ந்தெடுத்தார்கள். எந்த எழுத்துக்கு எவ்வளவு நிழல் என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

“‘ர’ வேண்டாம். ஒல்லியா ஒரு ஆளு சரிஞ்சு நிக்கலாம், அம்புட்டுத்தான். காலும் வேண்டாம், அது வெறும் கம்பு. ‘ண’ நல்லது. ‘ஞ’ ரொம்ப நல்லது. ‘ட’ வந்தா முதுகச் சாச்சு உக்காரலாம்.”

“எல்லாத்துலயும் பெருசு எது தாயி?”

“‘ஔ’தான். ஒரு குடும்பமே இருக்கலாம். ஆனா அதுல என்ன பட்டம் இருக்கு?”

ஒரு வாரம் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பிறகு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மருந்துக்கு அப்படி ஒரு பழைய சொல் உண்டு என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். அடுத்து வந்த பேனர் அறுபதடி நீளத்துக்கு, ‘மண்ணின் ஞாயிறே, மக்களின் ஔடதமே, எங்கள் எண்ணங்களின் ஊஞ்சலே, எங்கள் இதயங்களில் என்றென்றும் வாழும் அண்ணல் தவசிக்கனி’ என்று நின்றது. கோணத்தைக் கொஞ்சம் திருப்பியதில் டீக்கடை பெஞ்சுக்கும் ‘ஊ’வின் கொம்பு கிடைத்தது. கவுன்சிலர் தன் வீட்டு மாடியில் நின்று அதைப் பார்த்தார்; அவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க முடியாவிட்டாலும், நீளம் தெரிந்தது. ஔடதம் என்றால் என்ன என்று அன்று மாலைதான் விசாரித்துத் தெரிந்துகொண்டு கண் கலங்கினார்.

ஒரே வாரத்தில் இரண்டு சேதிகள் அவருக்கு வந்தன. முதலாவது, அனுமதி நாள் முடிந்தும் பேனர் நிற்பதால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எடுக்க வேண்டும் என்ற நோட்டீஸ். அதைக் கொண்டுவந்த பெண் அதிகாரி, பகல் ஒரு மணிக்கு ஜீப்பை விட்டு இறங்கி, ‘ஞா’வுக்குள் நின்றபடி எல்லோருக்கும் அதை உரக்க வாசித்தார், வாசித்து முடித்த பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, யாருக்காவது புரியாமல் இருக்கலாம் என்று சொல்லி இரண்டாம் முறையும் நிதானமாக வாசித்தார். இரண்டாவது சேதியை எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மளிகைக்கடையில் வைத்துச் சொன்னார்: “உம்ம பேருல ஆடு புழுக்கை போட்டிருக்கு வே. ‘அண்ணல்’ எழுத்துல வெத்தல எச்சி. பட்டமெல்லாம் பாசத்துல வச்சதுன்னா நெனச்சீரு? நெழலுக்கு வச்சானுவ.”

தவசிக்கனி அன்று மதியம் சாப்பிடவில்லை. நோட்டீஸை எதிர்த்து மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்ல நினைத்திருந்தவர், எடுத்துக்கொண்டு போகட்டும் என்று முடிவு செய்தார். எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதால், செவ்வாய்க்கிழமை கரைவேட்டியை விட்டுவிட்டுச் சாதாரணக் கைலியும் சட்டையுமாக, காரை எடுக்காமல், பஸ்ஸில் போய் இறங்கினார்.

யாராவது அடையாளம் கண்டு எழுந்து நிற்பார்கள் என்று சற்று நேரம் வெயிலில் நின்றார். அவரைத் தெரிந்த ஒன்றிரண்டு பேர் மறுபுறம் திரும்பிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தெரிந்தது பேனரில் இருந்த முகம்தான், அது இந்த முகம் இல்லை.

“அண்ணாச்சி, ஏன் வெயில்ல நிக்கிய?” என்று சுடலைவடிவு கூப்பிட்டாள். “இங்கன வாங்க. ‘னி’க்குள்ள ஒரு ஆளுக்கு எடம் இருக்கு.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மண் குளிர்ந்திருந்தது. முத்துமாலை கண்ணை மூடிப் படுத்திருந்தான். ‘னி’யின் சுழிக்கு நடுவில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கை அளவு வெயில் சரியாக அவனுடைய இடது கையில், ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது, சுடலைவடிவு தன் உள்ளங்கையை அதற்கு மேலே பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கை வலித்தால் மறு கையை மாற்றிக்கொண்டாள்.

“யாரும்மா இந்தத் தவசிக்கனி?” என்று கேட்டார் தவசிக்கனி.

“தெரியல அண்ணாச்சி. எங்க ஊரு அந்தப் பக்கம், வேற ஒன்றியம். பாவம், செத்துட்டாவ போல.”

“செத்துட்டாரா?”

“இதயத்துல என்னைக்கும் வாழும்னு போட்டிருக்கே. சின்ன வயசு வேற. மொகத்தப் பாருங்க, மாப்பிள்ள மாதிரி. முப்பது வயசு இருக்குமா?”

அவர் அண்ணாந்து பார்த்தார். “முப்பத்தஞ்சு இருக்கும்,” என்றார்.

“நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பாரு,” என்றான் முத்துமாலை, கண்ணைத் திறக்காமல். “இல்லன்னா இவ்வளவு குளுமையா இருக்காது.”

“என்ன செஞ்சாராம்?”

“அது தெரியாது அண்ணாச்சி,” என்றாள் சுடலைவடிவு. “ஏதாவது செஞ்சிருப்பாவ. செய்யாமலா இம்புட்டு எழுதிப் போட்டிருக்காவ?”

அந்த அம்மாளுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட அவருக்கு ஆசையாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஒன்று திறந்துவைத்தார், அது ஒழுகியது. சட்டமன்றத் தேர்தலில் சீட்டுக் கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு இந்த விலக்குக்கு நிழற்குடை. மூன்றாவது தேங்காய்ச் சில்லு தெறித்து விழுந்த இடம் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது. அங்கே ஒரு கைக்குழந்தைக்காரி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருந்த இடம் அது. அவர் எழுந்து அவளை ‘னி’யில் உட்காரச் சொல்லிவிட்டு, பஸ் வரும் வரைக்கும் வெளியே நின்றார். முக்கால் மணி நேரம். கடைசிப் பத்து நிமிடத்தில் அவருக்குக் கண் இருட்டியது.

மறுநாள் காலையில் ஜெசிந்தாவின் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கிழமை எடுத்துருவாவ. நெழலு நிக்கணும். என்ன செய்யலாம்?”

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் அவர் மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது. “நெழலு தனி அடுக்கு அண்ணாச்சி. பேர மட்டும் தூக்கிரலாம். பட்டம், மொகம் எல்லாத்தையும் தூக்கிட்டா பேனரு வெறும் வெள்ளைத் துணி. வெறும் துணிய எடுக்கச் சொல்லி எந்த நோட்டீஸும் இல்ல.”

“நெழல்ல எம் பேரு இருக்கும்லா?” அதில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

“இருக்கும். அதிகாரி அம்மா தரையப் பாத்து வாசிச்சுட்டா மறுபடியும் வருவாவ. கலைச்சாத்தான் நிக்கும்.”

“கலைச்சா என்னாவும்?”

“எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஓடிப் போயிரும். நடுவுல இருக்க ஓட்டையெல்லாம் அடைஞ்சிரும்.”

தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டே போய், முனை திரும்பி, சத்தம் ஓய்ந்தது. “சுழி நடுவுல ஒரு ஓட்டை இருக்கு,” என்றார் கடைசியில். “அந்த ஆளு கையில வெயிலு அடிக்குது. செய்யி.”

அவள் பெயரைத் தூக்கினாள். தங்கமும் சரிவும் இரண்டு கரைகளும் ஒரே அழுத்தில் போயின. மாப்பிள்ளை முகமும் போனது. வெள்ளையில் கறுப்பு நிழல் மட்டும் நின்றது. பிறகு அவள் நிழலை மங்கலாக்கும் குமிழைப் பிடித்து மெல்ல இழுத்தாள். முதலில் புள்ளிகள் கரைந்தன. ‘ஔ’ வீங்கி, பக்கத்து எழுத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஞாயிறும் ஊஞ்சலும் புகையாகிப் போயின. ‘சி’யின் கொக்கி சாய்ந்து ‘க்’கோடு சேர்ந்தது, அது ‘க’வோடு சேர்ந்தது, ‘னி’யின் சுழி உள்ளிருந்து நிறைந்து மூடிக்கொண்டது. அவர் திரையை நெருங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன.

“இன்னும் வாசிக்க முடியுதா அண்ணாச்சி?”

“எனக்கு முடியுது.”

“உங்களுக்கு எப்பவும் முடியும். எனக்கு முடியல. சேமிச்சிரவா?”

அவர் சரியென்று தலையை அசைத்தார். அவள் சேமித்துவிட்டு, புதுத் துணியை அச்சுக்கு விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் லாரியோடு வந்த அதிகாரி, அறுபதடி வெள்ளைத் துணியையும், அதன் அடியில் கல்யாணப் பந்தல் அளவுக்கு ஓட்டையில்லாமல் கிடந்த நிழலையும் பார்த்தார். கோப்பைத் திறந்து முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு நிழலுக்குள் வந்து நின்றுகொண்டு, ‘பெயர் அகற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

பதினொரு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. எழுத்து இல்லாததால் யார் எங்கே உட்காருவது என்று புரியாமல் ஜனம் சற்று நேரம் தடுமாறியது. கூடைக்காரிகள் ஆடுகளோடும், ஆடுகள் பள்ளிக்கூடத்துப் பெண்களோடும் கலந்து உட்கார்ந்தன. தவசிக்கனியும் அங்கே இருந்தார். மாவட்டத் தலைநகரில் அன்று அவருடைய கட்சிக் கூட்டம். பஸ்ஸிலேயே போகிறேன் என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

“அந்தப் புண்ணியவான் பேர எடுத்துட்டாவளே அண்ணாச்சி,” என்றாள் சுடலைவடிவு. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.

“நெழலு இருக்குல்லா.”

“அதுவும் சரிதான்.”

முத்துமாலை தூங்கிக்கொண்டிருந்தான். பஸ் வந்தபோது அவனை எழுப்பி, ஒரு பக்கம் சுடலைவடிவும் மறுபக்கம் கவுன்சிலருமாகப் பிடித்து ஏற்றினார்கள். கூட்டம் முழுவதும் ஏறியது. “நீங்க ஏறலையா?” என்று கண்டக்டர் கேட்டதற்கு, அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார் தவசிக்கனி. பஸ் போன புழுதி அடங்கியது. அவ்வளவு பெரிய நிழலில் இப்போது அவர் ஒருவர்தான் இருந்தார். துண்டை விரித்து உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார், பிறகு காலை நீட்டினார்.

அன்று மாலை மாவட்டக் கூட்டத்தில் அடுத்துப் பேச வரும்படி மைக்கில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, ஈச்சங்குறிச்சி விலக்கில், அவர் வலப்பக்கமாகப் புரண்டு படுத்தார்.